பிதாவுக்கு லைன்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு என்னிடம் கேட்டது ஆன்மிகச் சிந்தனை ஒன்று. “பாஸ்டர் தம்பி, இரண்டு பக்கம் காணும். சமயம் கலக்காமல் எழுதும்” என்றார் செயலாளர் அண்ணா. ஒரு போதகரிடம் சமயம் கலக்காத ஆன்மிகம் கேட்பது எங்கள் சங்கத்தால் மட்டுமே முடிகிற காரியம். சரி, அண்மையில்தான் தகப்பனாகியிருக்கிறேன், பிள்ளையைப் பற்றியும் விசுவாசத்தைப் பற்றியும் எதையாவது எழுதி ஒப்பேற்றலாம் என்று தொடங்கினேன். அரைவாசியில் நிற்கும்போது கணக்கு சேரின் மரண அறிவித்தல் கிளிநொச்சியிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தது. அதன் பிறகு அந்தக் கட்டுரை நகரவில்லை.

சேரின் பெயரை எழுதத் தேவையில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர்கள் பலர், ‘கணக்கு சேர்’ ஒருவர்தான். பட்டப்பெயரும் எல்லோருக்கும் தெரியும். அதை எழுதினால் மலர்க்குழு வெட்டிவிடும்.

மூத்தவர்கள் இந்த மலரில் எழுதும்போது மண்டபம், நூலகம், ஆய்வுகூடம் என்று எழுதுவார்கள். வாசிக்கப் பொறாமையாக இருக்கும். நான் 1996 தையில் முதலாம் ஆண்டில் சேர்ந்தேன். அந்த ஆடியில் சத்ஜெய இராணுவ நடவடிக்கை தொடங்கியது. கிளிநொச்சியே எழும்பி அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று போனபோது பள்ளிக்கூடமும் கூடவே வந்தது. என் வயதுக்காரருக்குப் பள்ளிக்கூடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காட்டுத்தடிக் கொட்டிலும் தறப்பாளும்தான். பழைய பற்றறிக் கரியை இலைச்சாற்றில் குழைத்துப் பலகைக்குப் பூசுகிற வேலை எங்களுடையது. எவ்வளவு தேய்த்தாலும் கை வெளுக்காது, சவர்க்காரமும் அப்போது விற்ற விலைக்குத் தேய்க்கக் கிடைக்காது. ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஒவ்வொரு மலரிலும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார்.

கொட்டிலுக்குச் சுவர் இல்லாதபடியால், சேர் எங்கள் வகுப்புக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருடைய குரல் எங்களுக்குப் பழக்கம். பெரிய வகுப்பில் அவர் இடாப்புக் கூப்பிடுவது இங்கே கேட்கும். இடாப்பில் எந்தப் பெயரையும் அவர் வெட்டமாட்டார். ஒவ்வொரு இடப்பெயர்வோடும் வகுப்பில் ஆட்கள் குறைவார்கள். புதுக்குடியிருப்புக்குப் போயிருப்பார்கள், வவுனியா முகாமுக்குப் போயிருப்பார்கள், கடல் தாண்டி இராமேஸ்வரத்தில் இறங்கியிருப்பார்கள். மற்ற ஆசிரியர்கள் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்கள். இவர் அந்தப் பெயரையும் கூப்பிடுவார். பதில் வராது. “ஆருக்கும் தெரியுமோ?” என்பார். தெரிந்தவன் எழும்பிச் சொல்வான். சேர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘மல்லாவி’ என்றோ ‘மலேரியா’ என்றோ குறிப்பார். மலேரியா என்றால் குளிசை போட்டதோ, முழுக் குளிசையும் போட்டதோ என்ற விசாரணையும் உண்டு. ஒருவருக்கும் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த நாளும் கூப்பிடுவார். முதற்பாடத்தில் நல்ல பங்கு இதிலேயே போய்விடும். அதிபருக்கு எரிச்சல், எங்களுக்குச் சந்தோசம்.

2002 சித்திரையில் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்தது. நாங்களும் ஊர் திரும்பினோம். கூரையில்லாத கட்டடம், சன்னம் துளைத்த சுவர், அதற்கு மேலே திரும்பவும் அதே தறப்பாள். அப்பா வட்டக்கச்சியில் வயலைத் துப்புரவாக்கி, இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலில் வரும் நாளைப் பார்த்திருந்தார். எனக்கு அந்தக் காலத்தில் ஞாபகம் இருப்பது 2003 நத்தார் ஒளிவிழா ஒன்றுதான்.

வாணி விழாவுக்கு ஆள் தேடத் தேவையில்லை. ஒளிவிழாவுக்கு வேதக்காரப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகத் தேடிப் பிடிக்கவேண்டும். பிடிபட்டவர்களில் பாடத் தெரிந்தவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். ஆரம்ப ஜெபத்துக்கு நான் அகப்பட்டேன். ஒழுங்குகளுக்குப் பொறுப்பு கணக்கு சேர். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவரிடம் ஏன் ஒளிவிழாவைக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். ஜெனரேட்டர், கதிரை, ஒலிபெருக்கி எதுவானாலும் அவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பாதை திறந்த புதிது என்பதால் யாழ்ப்பாணத்திலிருந்தும் விருந்தினர்கள் வந்திருந்தார்கள்.

அம்மா எழுதித் தந்த ஜெபத்தைப் பாடமாக்கியிருந்தேன். “பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே” என்றேன். ஒலிபெருக்கியில் என் குரல் எங்கோ போய் முட்டித் திரும்பி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மீண்டும் “எங்கள் பிதாவே” என்றேன். முன்வரிசையில் விருந்தினர்கள் கண்ணை மூடியபடி பொறுமையாக இருந்தார்கள். ஒருவர் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். மேடையோரத்தில் நின்ற சேரின் கையில் மற்ற மைக் இருந்தது. அது வேலை செய்கிறது என்பதை மறந்தாரோ, நினைவோடுதான் சொன்னாரோ தெரியாது.

“பிதாவுக்கு லைன் கிடைக்கேல்லைப் போலை.”

வெளிநாட்டுக்குக் கதைக்கக் கொமினிக்கேசன் வாசலில் பாதி நாள் காத்து நின்ற காலம் அது. அந்தப் பகிடி விளங்காதவர் அங்கே ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடம் முழுவதும் சிரித்தது. விருந்தினர்கள் சிரித்தார்கள். தேவதூதர் வேஷத்தில் நின்ற சின்னப் பிள்ளைகள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். அம்மா பின்வரிசையில் இருந்தார். அவரும் சிரித்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் ‘லைன்’. உங்களில் பலர் ரொறன்ரோ ஒன்றுகூடலில் இப்போதும் ஆட்டிறைச்சித் தட்டோடு நின்று அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள். என் சபையார் ஒருமுறை விளக்கம் கேட்டார்கள். “தேவனோடை நேரடித் தொடர்பு உள்ளவர் எண்டு அர்த்தம்” என்று எங்கள் வகுப்புக்காரன் ஒருவன் சொல்லிச் சமாளித்தான். அவர்கள் அதை நம்பிவிட்டார்கள் என்பதுதான் எனக்குச் சங்கடம். அந்த அவமானத்தில் கணக்கையே வெறுத்தேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். உண்மையில் கணக்கு அதற்கு முதலே வராது.

2006 ஆனியில் விடுகைப் பத்திரம் எடுக்கப் போனேன். “ஓ/எல் எழுதிப்போட்டுப் போகலாம்தானே? மார்கழிதானே” என்றார் சேர். சித்தப்பா எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டார் என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. இடாப்பை எடுத்து என் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘கனடா’ என்று எழுதினார். ஆவணியில் ஏ9 பூட்டப்பட்டது. ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டவர்களும் தாண்டாதவர்களும் என்று எங்கள் வகுப்பு இரண்டாகியது. அந்த இடாப்பை இன்று யாராவது முதலிலிருந்து கடைசிவரை கூப்பிட்டால் பல பெயர்களுக்குப் பதில் வராது. “ஆருக்கும் தெரியுமோ?” என்றால் எழும்பிச் சொல்லக்கூடியவர்கள் வன்னிக்கு உள்ளே இருந்தவர்கள். நான் இங்கே இருந்தேன்.

2009 மே 10, இங்கே அன்னையர் தினம். போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் ரொறன்ரோ கார்டினர் பெருந்தெருவில் இறங்கிய அந்த இரவு நானும் நின்றேன். அம்மாவும் அப்பாவும் உள்ளே. லைன் இல்லாமல் போய் எவ்வளவோ நாளாகியிருந்தது. பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன் வழக்கம்போல என் பட்டப்பெயரைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டான். அம்மா 2012 இல் இங்கே வந்து சேர்ந்தார். அம்மா மட்டும்.

பிறகு நான் இறையியல் படிக்கப் போனது வேறு கதை. அதைச் சாட்சியாகப் பல ஞாயிறுகள் சொல்லியாகிவிட்டது. இப்போது ஜெபிப்பதுதான் என் தொழில். குடிபூரலுக்கு ஜெபிக்கிறேன், மரணவீட்டில் ஜெபிக்கிறேன், புதுக் கார் வாங்கியவர் சாவியை நீட்டினால் அதற்கும் ஜெபிக்கிறேன். ஒரு சொல்லும் தடக்குவதில்லை. மைக் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

மகன் பிறந்த பிறகுதான் அது குழம்பியது. கனடாவில் 2019 இலிருந்து தாயும் தகப்பனும் விடுப்பைப் பகிர்ந்து எடுத்தால் மேலதிகமாக 5 வாரம் கிடைக்கிறது. நானும் எடுத்தேன். சபையில் ஓர் அன்ரி, “என்ன, பாஸ்டருக்கும் பத்தியமோ?” என்று கேட்டார். பகலில் சரக்குத்தண்ணி காய்ச்சுவதும் துணி மடிப்பதும் என் வேலை, இரவில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதும் என் வேலை. விடியப்புறம் மூன்று மணிக்கு அப்படி நடக்கும்போது ஜெபம் வராது. நன்றி என்று தொடங்கினால் அடுத்த சொல்லில் நின்றுவிடுகிறது. போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் மணலில் இதே மாதிரிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த தகப்பன்மார் என்ன கேட்டிருப்பார்கள்? என்னைவிட நன்றாகத்தான் கேட்டிருப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஒன்றுக்கு நான் நன்றி சொல்கிற வசனத்தை எப்படி முடிப்பது என்று எந்த இறையியல் கல்லூரியிலும் படிப்பிக்கவில்லை. வராமல் அங்கேயே இருந்திருந்தால் இந்தப் பிள்ளை இல்லை, இந்த வீடு இல்லை. அந்தக் கணக்கு எனக்கும் தெரிகிறது. ஆனாலும் விடை சரியாக வந்த மாதிரித் தெரியவில்லை.

லூக்காவில் சகரியா என்று ஓர் ஆசாரியன் வருகிறான். வாயால் பிழைக்கிற ஆள், என்னைப் போல. பிள்ளை பிறக்கப் போகிறது என்ற செய்தியோடு அவனுடைய பேச்சு நின்றுவிடுகிறது. பிள்ளைக்குப் பெயர் எழுதும்வரை திரும்பவில்லை. அவிசுவாசத்துக்குக் கிடைத்த தண்டனை என்றுதான் எல்லோரும் பிரசங்கிப்போம். இப்போது அதை அவனுக்குக் கிடைத்த விடுப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. தகப்பனாகப் போகிற ஓர் ஆசாரியன் கொஞ்சக் காலம் யாருக்கும் எதையும் விளங்கப்படுத்தாமல் இருந்தது நல்லதுதான்.

அம்மாவுக்கு இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லை. பிள்ளையின் தலைமாட்டில் வேதாகமத்தை வைக்கிறார், கன்னத்தில் கறுப்புப் பொட்டும் வைக்கிறார். போதகர் வீட்டில் இது என்ன என்று கேட்டால், “ரெண்டும் இருக்கட்டும்” என்கிறார்.

சேரோடு மீண்டும் கதைத்தது போருக்குப் பிறகுதான். என் குரலைக் கேட்டதும், “லைன் கிடைச்சிட்டுதோ?” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மெனிக் பாம் முகாமிலும் ஒரு மரத்தைப் பிடித்து அதன் கீழ் கணக்குப் படிப்பித்ததாகச் சொன்னார். “பலகை இல்லை, மண்தான். பிழைவிட்டா காலாலை அழிச்சிட்டு எழுதலாம், வசதி” என்றார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மகளைப் பற்றி அவரே கதைப்பார். மகன் போர் முடிவில் இராணுவப் பக்கம் போக வட்டுவாகல் பாலம் கடக்கும்வரை கூட இருந்தவன். அதற்குப் பிறகு எங்கே என்று தெரியாது. 2017 மாசி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது சேரின் மனைவியும் போய் இருந்தார். சேர் அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். பந்தலுக்குள் போகமாட்டார். எதிரே தேத்தண்ணிக் கடையில் பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பாராம்.

ஒருநாள் கதைத்து முடிக்கிற நேரத்தில், “உன்ரை ஆளிட்டையும் ஒருக்கால் கேட்டுப் பார்” என்றார். யாரைச் சொல்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

“இப்பவே ஜெபிக்கட்டோ சேர்?”

“வேண்டாம், உனக்குக் காசு போகும். பிறகு ஆறுதலாக் கேள்.”

கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசியாகக் கதைத்தது மகன் பிறந்த கிழமை. நிறை என்ன என்று கேட்டார். 3.2 கிலோ என்றேன். “இறாத்தலிலை சொல்லு” என்றார். பழைய பயம் தொண்டையில் வந்து நின்றது. ஏழு என்றேன். “கிட்டத்தட்ட” என்றார். இரவில் நித்திரை கொள்கிறானா என்று கேட்டார், இல்லை என்றேன். “பதின்மூண்டாம் வாய்பாட்டைச் சொல்லு. அவன் படுக்காட்டிலும் நீ பாடமாக்குவாய்.” சொல்லிப் பார்த்தேன். ஏழாவது வரியில் பிள்ளை தூங்கிவிடுகிறான். எட்டாவது எனக்கு இன்றும் உறுதியில்லை. மூன்று மணிக்கு ஜெபம் வராத நாட்களில் இப்போது அதைத்தான் சொல்கிறேன். அதுவும் ஜெபம்தான் என்று ஒரு பிரசங்கம் செய்யலாம். செய்யப்போவதில்லை.

குடும்பத்தார் போட்ட மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர்கள் வழக்கம்போல இருந்தன. மகன், மகள், இருவருக்கும் முன்னால் ஒன்றும் இல்லை. மறுநாள் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை வட்ஸ்அப்பில் சுற்றியது. அதில் மகனுடைய பெயருக்கு முன் ‘அமரர்’ என்று இருந்தது. யாரோ நல்ல மனதோடு செய்ததுதான். சேரின் மனைவியும் அதைப் பார்த்திருக்கிறார்.

இந்த மலரில் சேருக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்குவதாகவும், அவர் பெயரில் கணக்குப் பாடத்துக்குப் பரிசில் வைக்க நிதி சேர்ப்பதாகவும் அறிகிறேன். என் பங்கு வரும். மலர்க்குழுவிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் மகனின் பெயரை விட்டுவிடவும் வேண்டாம், அதற்கு முன்னால் எதையும் சேர்க்கவும் வேண்டாம். மகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஊர் போடுகிறீர்கள் என்றால், மகனுக்கும் அடைப்புக்குறியைப் போட்டு உள்ளே வெறுமையாக விடுங்கள். அச்சுக்காரர் பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்ப்பார், சொல்லிவையுங்கள். அச்சானதும் முதல் பிரதியை நான் கிளிநொச்சிக்கு அனுப்புவதாகச் சேரின் மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன்.