தாமதம் என்னும் குணம்

நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் ஓய்வூதியப் பிரிவு உதவியாளர். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்வரை நிமிர மாட்டேன். என்னை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. ஆனால் ஒரே ஒரு கோப்பு மட்டும் ஏழு மாதம் என் மேசையில் கிடந்தது.

இறந்துபோன கடைநிலை ஊழியர் ஒருவரின் குடும்ப ஓய்வூதியம் அது. பணிப்பதிவேட்டில் மனைவி பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று. இதை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்கவும் கூச்சம். திங்கட்கிழமைதோறும் கட்டைப் பிரிப்பேன், மேலே இரண்டு தாளைப் புரட்டுவேன், நாடாவைக் கட்டித் திரும்ப அடியில் செருகிவிடுவேன். கோப்புகளின் நிலையைக் குறிக்கும் தன்பதிவேட்டில் 'பரிசீலனையில்' என்று எழுதியதும், ஏதோ வேலை பார்த்த மாதிரி மனசு ஆறிவிடும்.

ஒருநாள் அந்த அம்மாவே வந்துவிட்டார். கோபப்படவில்லை. மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சார், நான் ஏதாச்சும் பேப்பர் குடுக்காம விட்டுட்டேனா?" என்று கேட்டார். தப்பு தன் பேரில்தான் என்றே நினைத்திருக்கிறார்.

அன்றைக்கே கண்காணிப்பாளரிடம் கேட்டேன். இரண்டு பெயரும் ஒருவரே என்று தாசில்தாரிடம் ஒரு சான்று வாங்கச் சொன்னார். அவ்வளவுதான். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சத்துவம், ரஜஸ், தமஸ் என்ற மூன்று குணங்களில் கடைசியான தமோகுணம் என்றால் தூங்கி வழிவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்புறம் ஒருமுறை கீதையின் 14-ஆம் அத்தியாயத்தைப் படித்தபோது 8-ஆம் சுலோகத்தில் நின்றுவிட்டேன். தமஸ் அறியாமையில் பிறப்பது என்று அது தொடங்குகிறது. அசட்டை, சோம்பல், உறக்கம் எல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன. என் கதையும் அதே வரிசைதான். தெரியாததில் தொடங்கித் தள்ளிப்போடுவதில் முடிந்தது. தமஸ் கனமானது, மூடி மறைப்பது என்கிறது சாங்கிய தத்துவத்தின் பழைய நூலான சாங்கிய காரிகை. மற்ற கோப்புகளில் நான் காட்டிய சுறுசுறுப்பே இந்த ஒன்றை என் கண்ணிலிருந்து மூடி வைத்திருந்தது.

18-ஆம் அத்தியாயத்தில் தாமச குணத்தோடு வேலை செய்பவனை 'தீர்க்கசூத்ரி' என்கிறார் கண்ணன். நூலை நீட்டிக்கொண்டே போகிறவன் என்று பொருள். படித்ததும் அந்தக் கோப்பின் நாடாதான் கண்முன் வந்தது. வள்ளுவரும் 'மடியின்மை' அதிகாரத்தில், கெடுகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலங்களை அடுக்கும்போது 'நெடுநீர்' என்று, காலம் நீட்டும் இதைத்தான் முதலில் வைக்கிறார். தமிழில் முக்குணங்களைச் சாத்துவிகம், இராசதம், தாமதம் என்றே சொல்லி வந்திருக்கிறோம். தினமும் வாயில் புழங்கும் 'தாமதம்' என்ற சொல்லுக்குள் அந்தக் குணத்தின் பெயர் இருப்பது எனக்கு அத்தனை வருடம் உறைக்கவில்லை.

சான்று வந்ததும் நிலுவையோடு சேர்த்து அவருக்குப் பணம் கிடைத்தது. அந்த ஏழு மாதமும் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்கவில்லை.