எங்கள் டெம்ப்ளேட் கம்பைலரில் பிளகின் நுழைந்த கதை

நாகர்கோவிலில் நாங்கள் சிலர் சேர்ந்து கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறோம். பக்கத்தின் அச்சு வடிவமான டெம்ப்ளேட்டை ஓடக்கூடிய கோடாக மாற்ற, அதற்கென்றே எழுதிய சின்ன டெம்ப்ளேட் கம்பைலர் ஒன்று உண்டு. டெம்ப்ளேட்டை டோக்கன்களாக (சிறு துண்டுகளாக) உடைக்கும், எதற்குள் எது என்று காட்டும் ஏஎஸ்டி மரம் கட்டும், கடைசியில் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனாக எழுதித் தரும். தோவாளைப் பூ வியாபாரிக்கு ஒரு வசதி, கேரளத்து ஆட்களிடம் சரக்கு விற்கும் குலசேகரம் ரப்பர் வியாபாரிக்கு மலையாளப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் கோட் ஜெனரேட்டரில் ஒரு ‘இஃப்’ சேர்ந்துகொண்டே போனது. கம்பைலருக்குள் கிளையன்ட் பெயரே ஏறிவிட்டது. கம்பைலரைத் தொடாமல் வெளியிலிருந்து செருகும் கோட், அதாவது பிளகின், அந்தப் பேச்சு அப்போதுதான் வந்தது.

“கடைசில வர்றத ரெஜெக்ஸ் போட்டு மாத்திரலாம் மக்கா” என்றான் கூட வேலை பார்ப்பவன். ரெஜெக்ஸ் என்றால் எழுத்துகளின் வடிவத்தை வைத்துத் தேடி மாற்றும் முறை. கடைசியில் வருவது எச்டிஎம்எல் இல்லை, அதை உண்டாக்கும் கோட். போதாததற்கு, எங்கள் படக் குறிச்சொல் ஒன்றின் ஆல்ட் மதிப்பிலேயே ‘இதைவிட அதிகம்’ குறி போட்ட ஒப்பீடு இருந்தது. ரெஜெக்ஸ் அந்தக் குறியோடு டேக் முடிந்தது என்று வெட்டியதைக் காட்டினேன். பேச்சு அதோடு முடிந்தது.

பக் என்ற டெம்ப்ளேட் மொழி இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தேன் (2016 வரை அதன் பெயர் ஜேட்). லெக்ஸ் (உடைப்பது), பார்ஸ் (மரம் கட்டுவது), கோட்ஜென் (கோட் எழுதுவது) என ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னும் பின்னும் பிளகின் நுழைய அதில் ஹூக் உண்டு. எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். திறந்துவிட்ட ஹூக்கை அப்புறம் மூட முடியாது, யாராவது அதை நம்பி எழுதியிருப்பார்கள். மரம் கட்டி முடித்து கோட் எழுதுவதற்கு முன், அந்த ஒரே இடத்தை மட்டும் திறந்தேன். மரத்தின் ஒவ்வொரு கணுவும் ஒரு நோட். பிளகின் நோட் வகைக்கு ஒரு ஃபங்ஷன் தரும். அது புது நோடைத் திருப்பினால் பழையது போய் அது வரும், ‘நல்’ (வெறுமை) திருப்பினால் நோட் நீங்கும்.

இதில் ஒரு சிக்கல். படத்தை ஃபிகர் டேக்குக்குள் போடும் பிளகின், தான் உண்டாக்கிய ஃபிகருக்குள் இறங்கி, அங்கேயும் படத்தைக் கண்டு மறுபடி சுற்றும், முடிவே இல்லை. அதனால் ஒரு பிளகின் மாற்றிய கிளைக்குள் அதே பிளகின் மறுபடி இறங்காது என்று வைத்தேன். ஜாவாஸ்கிரிப்ட் கம்பைலரான பேபல் எல்லா பிளகினையும் ஒரே நடையில் (மரத்தை ஒருமுறை சுற்றி வருவதில்) ஓட்டும். வேகம்தான், ஆனால் எது எதற்கு முன் ஓடியது என்று தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எங்கள் டெம்ப்ளேட்டுகள் சின்னவை, ஆகவே பிளகினுக்கு ஒரு நடை.

பிளகின் உண்டாக்கும் நோடுக்கு வரி எண் இருக்காது. பிழைச் செய்தியில் வரி எண் இருக்கவேண்டிய இடத்தில் ‘அன்டிஃபைண்ட்’ என்று வரும். பழைய நோடின் இடத்தையே புதியதுக்கும் கொடுத்தேன். ஒருமுறை செய்ததை எடுத்துவைக்கும் கேஷின் சாவியில் பிளகின் பெயர், வெர்ஷன், ஆப்ஷன் எல்லாம் சேர்ந்தன. இல்லாவிட்டால் ஆப்ஷனை மாற்றினாலும் பழைய பக்கமே வரும்.

முதலில் எழுதிய பிளகின், போனில் ஊர்ப்பெயர் பெட்டியை விட்டு வழிவதைத் தடுக்க சாஃப்ட் ஹைஃபன் (வரி உடையும்போது மட்டும் தெரியும் இணைப்புக்கோடு) போடுவது. ‘ஆரல்வாய்மொழி’யை ஜாவாஸ்கிரிப்ட் புள்ளி, துணைக்குறிகளையும் தனித்தனியே சேர்த்து 12 என்று எண்ணும், நமக்கு 7 எழுத்து. அந்தக் கணக்கில் வெட்டினால் ‘மொ’ உடைந்து, கொம்பும் காலும் வட்டப்புள்ளியோடு தனியே நிற்கும். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டல் செக்மென்டரைக் (Intl.Segmenter) கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரித்த பிறகே சரியானது. இது கம்பைலருக்குள்ளேயே இருந்திருந்தால் மலையாளப் பக்கத்துக்கு இன்னொரு ‘இஃப்’ வந்திருக்கும்.

பில்ட் ஓடும்போதே அன்றைய ரப்பர் விலையை நெட்டிலிருந்து எடுக்கும் பிளகின் வேண்டும் என்றும் கேட்டார்கள். அதற்கு மர நடை முழுவதையும் அசிங்க் (பதில் வரக் காத்திருக்கும் முறை) ஆக்க வேண்டும். மறுத்துவிட்டேன். விலையை முன்கூட்டியே ஒரு ஸ்கிரிப்ட் எடுத்து டேட்டாவாகக் கொடுக்கிறது.