ஊருக்குள் சூடாகாத கார் ஹைவேயில் ஏன் கொதிக்கிறது?

நைனாவின் மாருதி 800, 1999 மாடல், கார்புரேட்டர் வண்டி. ஏசி கிடையாது. வேலூர் வெயிலில் ஏசி இல்லாத காரா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் காற்று வரும், அது அனல் காற்றாக இருந்தால் நான் என்ன செய்ய.

போன கத்திரியில் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூருக்கு ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினோம். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் பாதியைத் தாண்டி சிவப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஓரம் கட்டி பானட்டைத் திறந்தால் ரிசர்வ் டப்பா கொதித்து வழிந்துகொண்டிருந்தது, ஆக மீட்டர் பொய் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் புளிய மரத்தடியில் உட்கார்ந்து, ஆறினதும் தண்ணீர் ஊற்றி ஐம்பதிலேயே உருட்டிப் போய்ச் சேர்ந்தோம். குழந்தைக்குக் காது குத்தி, அழுது முடித்து, தூங்கியே விட்டது.

அடுத்த வாரம் முழுக்க ஆளுக்கொரு தீர்ப்பு. ஒரு ஒர்க்‌ஷாப்பில், வண்டியைத் தொடாமலே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற சீல்தான் கேஸ்கெட்.) இன்னொருவர், "தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டித் தூக்கிப் போடுங்க, நம்ம ஊருக்கு அது எதுக்கு?" என்றார். (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் மறிக்கிற வால்வு அது.) பக்கத்து வீட்டு மாமா ரேடியேட்டர் பேன் மோட்டார்தான் என்று சத்தியம் செய்தார். எப்போது சூடாகிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதில்தான்.

ஏனென்றால் இந்த வண்டி காட்பாடி பாலத்து நெரிசலில் அரை மணி நேரம் நின்றாலும் முள் அசையாது. நடுநடுவே பேன் ஓடும், நிற்கும், அவ்வளவுதான். ஹைவேயில் 80-ல் பத்து நிமிடம் போனால்தான் ஏறுகிறது. நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது பேன் மட்டும்தான், ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். பேன் கெட்டிருந்தால் நெரிசலில் கொதித்து ஹைவேயில் அடங்க வேண்டும், இங்கே தலைகீழ். வேகத்தில் இன்ஜின் தள்ளுகிற சூடு பல மடங்கு, அதைத் தண்ணீர் எடுத்துப் போய் இறக்குகிற வழியில் எங்கோ இடிக்கிறது. மாமாவின் பேன் அங்கேயே விடுதலை.

மறுநாள் காலை, இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். (சூட்டில் திறக்கவே கூடாது, நைனாவின் வலது மணிக்கட்டில் அதற்கான தழும்பு இருக்கிறது.) மூடியின் தலையில் 0.9 என்று போட்டிருக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கினால் 100-ல் கொதிக்க வேண்டிய தண்ணீர் 118 டிகிரி பக்கம் வரை கொதிக்காது. என் மூடியின் ரப்பர் கருவாடு மாதிரி விறைத்துக் கிடந்தது. அப்போதே புதுசு வாங்கிப் போட்டேன், கொதித்து வழிவது குறைந்தது, முள் ஏறுவது குறையவில்லை.

மூடியைக் கழற்றி வைத்து ஸ்டார்ட் செய்து பார்த்ததில் விடாமல் குமிழி எதுவும் வரவில்லை. ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. சரி, கேஸ்கெட் போனதற்கு அடையாளம் ஒன்றும் இல்லை, ஹெட்டை இறக்க அவசரமில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு அடுப்பில் வைத்தேன். அதன் மேல் 82 என்று அடித்திருந்தது. தண்ணீர் கொதி வருவதற்கு முன்பே மெல்ல வாயைத் திறந்து, நன்றாக விரிந்து, ஆறினதும் மூடிக்கொண்டது. இதைத் தூக்கிப் போடச் சொன்னாரே மனுஷன். அது இல்லாவிட்டால் இன்ஜின் காலையில் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், அசல் கோளாறும் கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும்.

நல்ல துப்பு கிடைத்தது அப்புறம்தான். இன்ஜின் சூடானதும் தம்பியை ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டு கீழ் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரேஸ் ஏற ஏற அது வயிறு ஒட்டிப்போய் சப்பையானது, விட்டதும் உப்பியது. ரேடியேட்டரிலிருந்து வாட்டர் பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது அந்த ஹோஸ் வழியாகத்தான். உறிஞ்சுகிற அளவுக்குத் தண்ணீர் வராததால் ஹோஸையே உள்ளே இழுக்கிறது. ஹோஸும் கிழடுதான், ஆனால் குற்றவாளி அதற்கு முந்தி நிற்கிறது. இன்ஜினை நிறுத்தி, பேன் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் கை வைத்துத் தடவினேன். ஒரு பக்கம் கை பொறுக்காத சூடு, நடுவிலிருந்து மறு பக்கம் வெறும் வெதுவெதுப்பு. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குத் தூக்கிப் போனேன். பழைய செம்பு ரேடியேட்டர், அதனால் பற்றவைப்பைச் சூடு காட்டி இளக்கி மேல் டாங்கியைத் தனியாக எடுக்க முடிந்தது. உள்ளே எங்கள் வீட்டு வெந்நீர் அண்டா மாதிரியே வெள்ளை வெள்ளையாக உப்பு ஏடு, அதன் மேல் துருச் சேறு. பாய் ஒரு சில்லைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்து, "தண்ணி இன்னா ஊத்துற தம்பி?" என்றார்.

"போர் தண்ணி பாய்."

"அப்புறம் இன்னா?"

எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பே ஒழுங்காக வேகாது. நைனா இருபது வருஷமாக அதைத்தான் ஊற்றியிருக்கிறார். பாய் மெல்லிய தகட்டுக் கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டு இழுக்க, சுண்ணாம்புப் பொடி கொட்டியது. திரும்பப் பற்றவைத்து, தொட்டியில் முக்கி, காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துக் கொடுத்தார். கீழ் ஹோஸ் புதுசு போட்டேன். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

ஒரு ஞாயிறு, அதே மத்தியான வெயில், அதே 80. பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர் வரை முள் பாதியைத் தாண்டவில்லை.

திரும்பி வந்து டிக்கியில் கிடந்த ரெண்டு லிட்டர் போர் தண்ணீர் பாட்டிலைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டேன். நேற்று எதையோ எடுக்கத் திறந்தால் பாட்டில் திரும்ப நிரம்பி நிற்கிறது. "அவசரத்துக்கு இருக்கட்டும்டா" என்கிறார் நைனா.