தசைக்கு முன்னால் எடை: ஸ்பைடர்மேனை வரையப் பழகுதல்

ஸ்பைடர்மேனை வரைய உட்காருகிறவர்களில் பலர் முகமூடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெரிய வெள்ளைக் கண்களையும் வலைக் கோடுகளையும் பொறுமையாக முடித்துவிட்டு, கழுத்து, தோள், மார்பு, கை என்று மேலிருந்து கீழே இறங்கி வருகிறார்கள். இப்படி வரையும்போது ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே பார்க்கச் சரியாக இருந்தாலும், முழு உருவம் துணிக்கடைப் பொம்மையைப் போல விறைத்து நின்றுவிடும். சூப்பர்ஹீரோ படத்துக்கு வேகத்தைத் தருவது, உடலின் எடை எந்தத் திசையில் போகிறது என்பதே. தசைகள் அதற்குப் பிறகு வந்து சேர்ந்துகொள்கிறவை. காமிக்ஸ் பாணியில் உருவங்களை வரையப் பழகி வருகிற எனக்கு இதில் இப்போது சந்தேகமே இல்லை.

இதைப் பழகுவதற்கு ஸ்பைடர்மேனைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தெரியவில்லை. 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டசி’ 15ஆம் இதழில், ஸ்டான் லீயின் எழுத்திலும் ஸ்டீவ் டிட்கோவின் ஓவியத்திலும் அவன் முதன்முதலாக வந்தான். அந்த இதழின் அட்டைப்படத்தைப் பென்சிலில் வரைந்தவர் ஜாக் கிர்பி. அதற்கு மை தீட்டியவர் டிட்கோ. அட்டையையும் உள்பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரு ஓவியர்களின் போக்கும் எவ்வளவு வேறானவை என்பது புலப்படும். கிர்பியின் உருவம் திடமானது. ஒரு கையில் வலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு மனிதனை இடுக்கியபடி வீசி வருகிற அந்த உடலின் வலிமையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். டிட்கோ வரைந்தவனோ பள்ளிக்கூடம் போகிற ஒல்லிப் பையன். முழங்கையும் முழங்காலும் துருத்திக்கொண்டிருக்க, சுவரிலும் கூரையிலும் குந்தியிருக்கிறவன். தளர்ந்த போஸைப் பருத்த தசைகளால் ஓரளவு மறைத்துவிடலாம். இந்த ஒல்லி உடலில் மறைக்க இடமே கிடையாது. கற்றுக்கொள்கிறவருக்கு டிட்கோவின் பக்கங்களே கூடுதலாகப் பயன்படும் என்று நான் கருதுவதற்குக் காரணம் அதுதான்.

தாளில் விழும் முதல் கோடு எந்த உறுப்பையும் காட்டுவதில்லை. தலையிலிருந்து முதுகு வழியாக, ஊன்றிய காலின் குதிகால் வரை ஓடுகிற ஒற்றை வளைவு அது. ஓவியர்கள் ‘லைன் ஆஃப் ஆக்‌ஷன்’ என்று சொல்வது இதைத்தான். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் போட்டால் இந்த வளைவு சிறிதாகவும் தயங்கியும் வரும் என்பதால், தோளிலிருந்து முழுக் கையையும் வீசிப் போட வேண்டும். அதற்குப் பெரிய தாள் வேண்டும். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர்கள் வழக்கமாக 11-க்கு 17 அங்குல அட்டையில் வரைகிறார்கள். அச்சில் அது சுருங்கிவிடுகிறது. வளைவு ஒரே பக்கமாக இருந்தால் தாவுவதற்கு முந்தைய இறுக்கம் கிடைக்கும். எதிரெதிராக இரண்டு முறை வளைந்தால் காற்றில் திரும்புகிற உடல் கிடைக்கும்.

அந்தக் கோட்டின்மேல் மார்புக்கூட்டுக்கு ஒன்றும் இடுப்புக்கு ஒன்றுமாக இரண்டு பெட்டிகளை வைக்கிறேன். இரண்டும் ஒரே திசையைப் பார்த்தால் உருவம் நிற்கும், நகராது. தோள்கள் ஒரு பக்கம் சரிந்தால் இடுப்பு மறுபக்கம் சரிய வேண்டும்; மார்பு திரும்பிய பிறகும் இடுப்பு பழைய திசையிலேயே இருக்க வேண்டும். இந்த முறுக்கில் ஒரு பக்க விலா சுருங்கி மடிப்பு விழும், மறுபக்கம் நீண்டு இழுபடும். சுருங்கிய பக்கத்தைக் குட்டையான, ஒடிந்த கோடுகளாலும், நீண்ட பக்கத்தை ஒரே இழுப்பிலும் வரைந்தால், வயிற்றுத் தசை ஒன்றைக்கூட வரையாமலே உடல் திரும்புவது தெரிந்துவிடும். அடுத்து நான் பார்ப்பது கழுத்துக் குழியை. அங்கிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டதாக வைத்துக்கொண்டால், அந்த நூல் இரு பாதங்களுக்கு நடுவே விழும்வரை அவன் நிலையாக நிற்கிறான். பாதங்களைத் தாண்டி வெளியே விழுந்தால், அடுத்த நொடி அவன் ஓட வேண்டும், தாவ வேண்டும், அல்லது விழ வேண்டும். பார்க்கிறவரின் கண்ணுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும்.

எடையைப் பற்றிப் பேசிவிட்டு, 1966 பிப்ரவரி தேதியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 33ஆம் இதழைச் சொல்லாமல் விட முடியாது. பெரும் இயந்திரம் ஒன்றின் அடியில் அவன் சிக்கியிருக்கிறான். மேலிருந்து தண்ணீர் கசிகிறது. அவனை வளர்த்த மே அத்தையைப் பிழைக்க வைக்க வேண்டிய மருந்து கைக்கெட்டாத தூரத்தில் கிடக்கிறது. இந்த ஒரே செயலை டிட்கோ பல பக்கங்களுக்கு நீட்டுகிறார். கட்டங்கள் போகப் போகப் பெரிதாகி, அவன் அந்தப் பாரத்தைத் தூக்கிவிடுகிற தருணம் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறது. இங்கே தாவலும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனாலும் இதற்கு நிகரான விசையுள்ள உருவங்களைக் காமிக்ஸில் நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தக் கட்டங்களிலுள்ள முதுகெலும்பின் வளைவை மட்டும் ஒரு தாளில் வரிசையாகப் பிரதி எடுத்துப் பாருங்கள். அழுந்திக் கிடந்த வளைவு சிறிது சிறிதாக மேலெழுவதிலேயே கதை முழுவதும் அடங்கியிருக்கும்.

ஃபோர்ஷார்ட்னிங், அதாவது நம்மை நோக்கி நீளும் உறுப்பைக் குறுகியதாகக் காட்டி வரைவது, என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். உண்மையில் அதற்கு வேண்டியது வரிசை மாறாத ஒழுங்கு. வாசகரை நோக்கி நீளும் கையில், முதலில் மூடிய கைமுஷ்டியைப் பெரிதாக, ஒரு பெட்டியாக வரைய வேண்டும். அதன் பின்னால் முன்கை ஓர் உருளையாக ஒளிய வேண்டும். அதற்கும் பின்னால் மேற்கை, பிறகு தோள். உருளை நம்மை நோக்கித் திரும்பத் திரும்ப அதன் விளிம்பு வட்டத்தை நெருங்கும். பக்கவாட்டில் திரும்பினால் விளிம்பு தட்டையான நீள்வட்டமாகும். ஒன்று மற்றொன்றை மறைக்கிற இடத்தில் கோட்டை அழுத்தமாகப் போட்டால் ஆழம் வந்துவிடும். உடலின் உயரத்தைத் தலையின் உயரத்தால் அளக்கும் தலைக் கணக்கு இங்கே உதவாது. காமிக்ஸ் ஓவியர் ஜான் பசேமாவும் ஸ்டான் லீயும் சேர்ந்து 1978இல் வெளியிட்ட பாடநூல், ஹீரோவின் உயரம் எட்டே முக்கால் தலை என்கிறது. நிற்கும் உருவத்துக்கு அது நல்ல அளவுகோல். வாசகரின் முகத்துக்கு நேரே பாதத்தை நீட்டித் தாவுகிறவனிடம் அந்த அளவுகோலை வைத்தால் படம் கெட்டுப்போகும்.

ஸ்பைடர்மேனின் உடையே இதற்கு ஓர் ஆசான். சிவப்புப் பகுதியில் ஓடுகிற வலைக் கோடுகளை அலங்காரமாக நினைத்தால், நிரப்பி முடிக்க வேண்டிய சலிப்பான வேலையாகிவிடும். ஆனால் அவை ஒவ்வொன்றும் உடலின் வளைவைச் சுற்றிச் செல்லும் கோடுகள். முகமூடியில் எல்லாக் கதிர்களும் இரு கண்களுக்கு நடுவேயுள்ள புள்ளியிலிருந்து கிளம்புகின்றன. தலை கீழே குனிந்தால் அந்தப் புள்ளி முகத்தின் கீழ்ப்பகுதிக்கு இறங்கும், நெற்றிக் கதிர்கள் நீளும், தாடைக் கதிர்கள் குறுகும். குறுக்கு இழைகளை நேராகப் போடாமல், மையத்தை நோக்கிச் சற்றுத் தொய்ந்தவையாகப் போட வேண்டும். மார்பில் அதே இழைகள் விலாவைச் சுற்றி வளைந்து மறைய வேண்டும். அவை தட்டையாக ஓடினால் எவ்வளவு நல்ல போஸும் காகிதத்தில் ஒட்டிய படமாகிவிடும். நான் முதலில் மையப்புள்ளியையும், நெற்றியிலிருந்து தாடைவரை இறங்கும் நடுக்கோட்டையும் மெல்லிய பென்சிலில் குறித்துவிட்டு, கண்களை அதன்பிறகே வைக்கிறேன். டிட்கோ காலத்து உடையில் அக்குளுக்கடியிலும் வலை உண்டு. பின்னாளில் பலர் அதை விட்டுவிட்டார்கள் என்றாலும், கை உடலைவிட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டுவதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

வலையில் ஊசலாடும் போஸில் கவனிக்க வேண்டியது இழுவிசை. உடலின் பாரம் முழுவதும் ஒரு கையில் தொங்குவதால், வலை, மணிக்கட்டு, தோள் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும்; அந்தத் தோள் காதை நோக்கி ஏற வேண்டும்; இடுப்பும் கால்களும் சற்றுப் பின்தங்கி வர வேண்டும். 1988இல் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 298ஆம் இதழிலிருந்து வரையத் தொடங்கிய டாட் மெக்ஃபார்லேன், முழங்கால்கள் காதுக்கருகே வருமளவுக்கு உடலை மடக்கினார். வலையையும் சிக்கலான, முறுக்கிய இழைகளாக மாற்றினார். எவ்வளவு மடக்கினாலும் மார்புக்கூடும் இடுப்பும் எங்கே இருக்கின்றன என்று தெரிவதால்தான் அந்த உருவங்கள் நிலைக்கின்றன என்பது என் கணிப்பு. அதனால் டிட்கோவைப் பழகிய பிறகே மெக்ஃபார்லேனிடம் போவது நல்லது.

பயிற்சிக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள், நடனக் கலைஞர்கள், நீச்சல்குளத்தில் பாய்கிறவர்கள் ஆகியோரின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி மட்டும் ஒதுக்குகிறேன். அதற்குள் விரலும் முகமும் வராது. வளைவும் இரண்டு பெட்டிகளும் மட்டுமே வரும். பிடித்த ஒன்றைப் பெரிதாக்கிய பிறகு, உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பார்ப்பது வழக்கம். வலையை விடும் கை (நடுவிலுள்ள இரு விரல்களும் உள்ளங்கையை அழுத்த, ஆட்காட்டி விரலும் சுண்டு விரலும் நீண்டிருக்கும் அந்தக் கை) உடலுக்கு முன்னால் வந்தால் கறுப்பில் மறைந்துவிடும். அதை வெளியே நகர்த்தினால் ஒரே பார்வையில் புரிந்துவிடும். இப்போது முயன்று வருவது, கூரையில் தலைகீழாகக் குந்தியிருப்பவனைக் கீழிருந்து பார்க்கும் கோணம். இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு பாதங்களையும் கூரையின் ஒரே தளத்தில் பொருத்துவதே இதில் கடினம் என்பதால், கூரையின் கட்டக் கோடுகளை முதலில் வரைந்து, நான்கு தொடுபுள்ளிகளையும் அவற்றின்மேல் குறித்துக்கொண்டு, அங்கிருந்து உடலைக் கீழ்நோக்கித் தொங்கவிடுகிறேன்.