ஐம்பது சாக்லேட் கோழிகள்

மினசோட்டாவில் கொச்சின் பேண்டம் வளர்க்கிறேன். கால்விரல் வரை இறகு மூடி, உருண்டையாக, பந்து மாதிரி நடக்கும் குட்டிக்கோழி. முழுதாக வளர்ந்த சேவலே ஏறத்தாழ 900 கிராம்தான். கொச்சினில் கறுப்பு, வெள்ளை என்று அங்கீகாரம் பெற்ற நிறங்கள் பல உண்டு. நான் மனதைப் பறிகொடுத்தது சாக்லேட் நிறத்திடம். அதை அமெரிக்கன் பவுல்ட்ரி அசோசியேஷனின் தர நூலில், அதாவது அங்கீகாரம் பெற்ற இனங்களையும் நிறங்களையும் விவரிக்கும் நூலில் ஏற்ற, ஐந்து பேர் சேர்ந்து பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

அந்தச் சங்கம் 1873-ல் தொடங்கியது. மறு ஆண்டே முதல் தர நூல் வந்துவிட்டது. ஒரு நிறம் அந்த நூலில் இல்லையென்றாலும் கண்காட்சிக் கூண்டில் கோழியை வைக்கலாம், நடுவர் பார்த்துக் கருத்தும் சொல்வார். ஆனால் பெரிய பரிசுகளுக்கான வரிசையில் அது நிற்க முடியாது. நல்ல பறவையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையை வெளியிலிருந்து பார்ப்பது வலிக்கும்.

எங்களிடம் கேட்டவை இவை: ஐந்து ஆண்டுகளாவது இந்த நிறத்தை வளர்த்த ஐந்து பேரின் உறுதிமொழி, குஞ்சுகளில் பாதியாவது தாய் தகப்பன் மாதிரியே வருகின்றன என்ற வாக்குமூலம், இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு இரண்டு முறையாவது, உரிமம் பெற்ற நடுவர் முன் காட்டியதற்கான பதிவு. கடைசியில் ஒரே இடத்தில் குறைந்தது 50 பறவைகளை நிறுத்தும் தகுதிக் கண்காட்சி. சேவல், பெட்டை, ஓராண்டு நிறையாத இளஞ்சேவல், விடைக்கோழி நான்கும் அதில் இருக்க வேண்டும்.

காகிதத்தில் படிக்கும்போது 50 என்பதுதான் மலைப்பாக இருந்தது. உண்மையில் எங்களைக் கவிழ்த்தது பழுப்பு நிறம்.

கோழியில் கறுப்பைப் பழுப்பாக்கும் மரபணுக்கள் இரண்டு உண்டு. ஒன்று சாக்லேட். அது பாலினத்தோடு போகும், ஒடுங்கு மரபணு: நிறம் வெளியே தெரிய பெட்டைக்கு ஒரு பங்கு போதும், சேவலுக்கு இரண்டு பங்கு வேண்டும். கறுப்புச் சேவலைச் சாக்லேட் பெட்டையோடு விட்டால் குஞ்சு எல்லாமே கறுப்பு. முதல் ஆண்டு எனக்கு அப்படித்தான் ஆனது, ஒரு பொரிப்பு முழுக்கக் கறுப்பாக நின்றது. திருப்பிப் போட்டு, சாக்லேட் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு விட்டால் பெட்டைக் குஞ்சு அத்தனையும் சாக்லேட், சேவல் குஞ்சு அத்தனையும் கறுப்பு. இன்னொரு மரபணுவின் பெயர் டன். அது ஒரு பங்கு இருந்தால் பழுப்பு, இரண்டு பங்கு இருந்தால் வெளிறிய காக்கி. கூண்டில் நிற்கும் பறவையை வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது மிகவும் கடினம்.

எங்கள் ஐவரில் ஒருவரின் கூட்டத்தில் காக்கிக் குஞ்சுகள் வந்தன. கூடவே கறுப்பும். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான்காவது ஆண்டில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அவருடைய சேவல் ஒன்றை வாங்கி வந்து என் கறுப்புப் பெட்டைகளோடு விட்டேன். சாக்லேட் என்றால் ஒரு சேவல் குஞ்சுகூடப் பழுப்பாக வரக்கூடாது. 21 நாள் காத்திருந்தோம், அப்புறம் குஞ்சுகளின் பாலினம் தெரியும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தோம். இளஞ்சேவல்களில் பழுப்பும் கறுப்பும் கலந்து நின்றன. டன். அவரிடம் தொலைபேசியில் சொன்னபோது நீண்ட நேரம் அவர் பேசவில்லை. நான்கு ஆண்டு உழைப்பு அது, எனக்கும் தொண்டை அடைத்தது. யாராவது இப்போது இந்த வேலையைத் தொடங்குகிறீர்கள் என்றால், முதல் ஆண்டிலேயே எல்லாருடைய சேவல்களையும் இப்படிச் சோதித்துவிடுங்கள். தயவுசெய்து.

அவருக்குப் பதிலாக ஐந்தாவது ஆள் விஸ்கான்சினில் கிடைத்தார். ஆறு ஆண்டாகத் தனியாக வளர்த்து, ஒவ்வொரு பொரிப்பையும் நோட்டில் எழுதி வைத்திருந்த அம்மா. அந்த நோட்டுதான் எங்களைக் காப்பாற்றியது.

2022 வசந்தத்தில் பறவைக் காய்ச்சல் பரவ, மினசோட்டா கோழிக் கண்காட்சிகளையே நிறுத்தியது. அந்த ஆண்டு எங்களால் ஒரு கண்காட்சிக்குத்தான் போக முடிந்தது. ஒன்று போதாது என்பதால் அந்த ஆண்டே கணக்கில் வரவில்லை.

தர விவரம் எழுதுவது இன்னொரு வேலை. அலகு, கண், கழுத்திறகு, வால், அடியிறகு என்று ஒவ்வொன்றுக்கும் நிறம் சொல்ல வேண்டும். "அடர் சாக்லேட்" என்று எழுதினோம். எவ்வளவு அடர் என்று கேட்டுத் திரும்பி வந்தது. ஐந்து பேரும் ஒவ்வோர் இறகு அஞ்சலில் அனுப்பி, சன்னல் வெளிச்சத்தில் அடுக்கிப் பார்த்தால் ஐந்தும் ஐந்து நிறம். என் பறவைகளுடையதுதான் வெளிறிப்போய், செம்மண் மாதிரி இருந்தது. சாக்லேட் இறகை வெயில் தின்றுவிடும். அதற்கப்புறம் கண்காட்சிக்குப் போகும் பறவைகளை, இறகு உதிர்ந்து புதிது முளைத்ததும் நிழல் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

தகுதிக் கண்காட்சிக்கு 53 பறவைகளோடு போனோம். காலை ஆறு மணிக்குக் கூண்டில் ஏற்றும்போது ஓர் இளஞ்சேவலின் கொண்டைப் பக்கத்தில் சிறு முளை தெரிந்தது. ஒற்றைக் கொண்டையில் பக்கமுளை இருந்தால் தகுதி நீக்கம். நாங்களே அதை எடுத்துவிட்டோம். இன்னொரு பெட்டை பயணத்தில் சோர்ந்து கிடந்தது, அதையும் வண்டியிலேயே விட்டோம். 51. அதற்குமேல் ஒன்றுதான் தாங்கும்.

நடுவர் ஒவ்வொரு பறவையாகக் கையில் எடுத்து, இறக்கையை விரித்து, அடியிறகை ஊதிப் பார்த்தார். ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஐவரும் சுவரோரம் நின்றோம், யாரும் காபி குடிக்கக்கூடப் போகவில்லை. முடித்ததும் என்னிடம் வந்து ஒரே கேள்வி கேட்டார்: இதில் எது யாருடைய பறவை?

அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விஸ்கான்சின் அம்மா அழுதுவிட்டார்.

நடுவரின் அறிக்கையோடு கோப்பு சங்கத்தின் தரக் குழுவுக்குப் போயிருக்கிறது. டன் சேவலோடு தோற்றுப்போனாரே, அந்த நண்பரும் என்னிடமிருந்து மூன்று முட்டை அடுக்குகள் வாங்கிப்போய் மறுபடி தொடங்கியிருக்கிறார். போன வாரம் பொரித்த குஞ்சுகளின் படம் அனுப்பினார். எல்லாம் சாக்லேட்.