ஸ்பாரிங் இருக்கிற கிளாஸ் தேடுறேன்

கராத்தே கிளாஸை மாத்தப் போறேன். கட்டா (எதிராளி இல்லாம வரிசையா செய்ற அசைவுகள்) சுத்தமா வருது, பெல்ட்டும் கலர் மாறிட்டே போகுது. ஆனா எதிர்ல ஒருத்தர் நிஜமா குத்து விட்டா கண்ணு தானா மூடிக்குது. இங்க ஸ்பாரிங்கே, அதாவது ஒருத்தரோட ஒருத்தர் மோதிப் பழகுறதே, கிரேடிங் (பெல்ட் தேர்வு) நெருங்கினாதான்.

கியோகுஷின்னு ஒரு கராத்தே வகையைப் பாத்தேன். முழு பலத்தோட அடிக்கிறாங்க, ஆனா முகத்துல கையால குத்தக்கூடாது. கை கீழ இறங்குற பழக்கம் வந்துடுமோன்னு பயம். கானோ ஜிகோரோ 1882ல ஆரம்பிச்ச ஜூடோவுக்கு ரந்தோரிதான், அதாவது ஜோடியா மல்லுக்கட்டிப் பழகுறதுதான் உயிர். எதிராளி விட்டுக்கொடுக்கவே மாட்டான். ஆனா எனக்குக் குத்தும் உதையும் வேணுமே!

மனசுல நிக்கிறது ஒரு கிக்பாக்சிங் கிளாஸ். வாட்டசாட்டமான ஒரு அண்ணன், புதுப்பையன் மூக்குக்கு ஒரு விரல்கடை முன்னாடி குத்தை நிறுத்தி, "கையை மேல தூக்குப்பா"ன்னாரு. யாரோட யார் மோதணும்னு மாஸ்டர்தான் முடிவு பண்றார். 16 அவுன்ஸ் கிளவுஸ், ஷின்கார்டு, மவுத்கார்டு இல்லாம உள்ள விடல. ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை அதிர்றதை நிறுத்தாது. அதனால தினமும் மண்டையை உடைச்சுக்கிறதை வீரம்னு சொல்ற இடத்துக்கு ஒரு கும்பிடு.

சனிக்கிழமை டிரையல் கிளாஸ். கூட வர்றவங்க மவுத்கார்டோட வாங்க.