அம்மா முடிந்து வைத்த காசு

பூஜை அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது அந்த முடிச்சு கையில் கிடைத்தது. மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாய். நான் கர்ப்பமாக இருந்தபோது, சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் செலுத்துவதாகத் திருச்சி தாயுமானவருக்கு வேண்டிக்கொண்டு அம்மா முடிந்து வைத்தது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது ஆகட்டும், எல்லாரும் சேர்ந்தே போகலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குள் அப்பா போய்விட்டார், எட்டே மாதத்தில் அம்மாவும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் நான் வீட்டில் விளக்கே ஏற்றவில்லை. அவ்வளவு கோபம்.

ஆனால் அது அம்மா கொடுத்த வாக்கு, அதை எப்படி விடுவது? கிளம்பினோம். மலைக்கோட்டை அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, பாறைக்குள்ளே இருட்டாக ஏறிப்போகும் படிகளில் வாழைத்தார் என் வீட்டுக்காரர் தோளில், மகள் என் இடுப்பில், முடிச்சு என் உள்ளங்கையில்.

சன்னிதியில் குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். வாய் தன்னால் அம்மாவின் பேரைச் சொல்லிவிட்டது. எந்தக் கோயிலிலும் முதலில் அம்மா பேரைச் சொல்லியே பழக்கம். "அவங்க இல்லை சாமி, இது அவங்க வேண்டுதல்" என்றேன். அவர் ஒரு நொடி நின்றார். "குழந்தை பேர் சொல்லுங்கோ" என்றார்.

இந்தத் தலத்துக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரத்னாவதிக்குப் பிரசவ வலி, பூம்புகாரிலிருந்து கிளம்பிய அவள் தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே மாட்டிக்கொள்ள, ஈசனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். கேட்கும்போதெல்லாம் வந்த சாமியைத்தான் நினைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு, மகளுக்காகக் கட்டிய மூட்டையோடு கரையில் நின்று தவித்த அந்தத் தாய்தான் கண்ணில் நின்றாள். என் அம்மாவும் அப்படித்தானே, வரணும் என்றுதான் இருந்தாள்.

அப்போதுதான் சித்தி ஞாபகம் வந்தது. அம்மா போனதும் யாரும் கூப்பிடாமலே ஒரு பையோடு வந்து நாற்பது நாள் தங்கி, என் குழந்தையைக் குளிப்பாட்டி, எனக்குச் சோறு பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தவள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டுக் கதவைத் தட்டிய பக்கத்து வீட்டு அக்கா. யார் யார் உருவிலோ வந்துகொண்டேதான் இருந்திருக்கிறார், நான்தான் வாசலில் வேறு யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சன்னிதியில் நின்று அழுதேன், ஆனால் இந்தத் தடவை சண்டை போட்டு இல்லை.

உண்டியல் முன்னால் அந்த முடிச்சைப் போட மனசே வரவில்லை. அம்மா விரல் இறுக்கிய முடிச்சு. அவிழ்க்காமல் அப்படியே போட்டேன்.

உச்சிப் பிள்ளையார் வரைக்கும் ஏறினோம். மேலே நல்ல காற்று. தூரத்தில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், நடுவில் காவிரி, வெயில் காலம் என்பதால் பெரும்பாலும் மணல். ஏறி வந்த வியர்வையில் துணியின் மஞ்சள் என் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டுத் தன் கையையும் நீட்டினாள். தேய்த்துவிட்டேன்.